குடிலில் என் பங்கு

இந்த ஊரில் பூனைக்கென்றே புல் விற்கிறார்கள். கோதுமையை முளைக்க வைத்து, விரல் நீளத்துக்கு வளர்த்து, சின்னத் தொட்டியில் தக்காளிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'காட்சன்கிராஸ்'. போன மாதம் ஒரு தொட்டியோடு படியேறி வீட்டுக் கதவைத் திறக்கும்போது எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "பூனை இல்லை, மாட்டுக்கு" என்றேன். கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் மாட்டைச் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மறுநாள் கதவருகே பூனைத் தீனி டப்பா ஒன்று இருந்தது. பாவம், நல்ல மனசு.

மதுக்கரையில் எங்கள் வீட்டுக் குடிலுக்கு எதையும் கடையில் வாங்குகிற பழக்கமில்லை. அம்மா ராகியை முளைக்க வைத்துப் புல் வளர்ப்பார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த அப்பா, காகிதச் சாக்கைக் கசக்கிக் கஞ்சியில் தோய்த்து மலை செய்வார். தங்கை ஸ்டெல்லா சுரூபங்களுக்குச் சாயம் தீட்டுவாள். மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்வது என் பங்கு. ஒருவர் பங்கில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒரு வருஷம் என் நட்சத்திரத்துக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. அப்பா அதைத் தொடவில்லை. தன் மலையைக் கொஞ்சம் சாய்த்து அதற்கு இடம் கொடுத்தார். ஷிஃப்ட் வேலைக்காரர். மற்ற மாதங்களில் எங்களுக்குள் "சாப்டியா" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டால்தான் இருவருக்கும் வாய் திறக்கும்.

இங்கே வந்த முதல் டிசம்பரில், பல்பு வைத்த அழகான நட்சத்திரம் ஒன்றைக் கடையில் வாங்கி அனுப்பினேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது ஸ்டெல்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வாசல்ல மாட்டியிருக்குதுங்ணா. குடில் மேல அப்பா மூங்கில மட்டும் நட்டு, சும்மா உட்டுட்டாங்க. அது உங்க பங்குன்னு சொல்லிப்போட்டாங்க."

அப்பா வாங்கிப் பேசினார். "நல்லாத்தான் கண்ணு இருக்குது. ரோட்ல போறவங்கெல்லாம் பாக்கறாங்க."

கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த தடவை நானே கட்டி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்து என்ன? ஓவர்டைம், ஓவர்டைம் என்று நாளைத் தள்ளினேன். இந்தத் தடவை டிசம்பர் பாதி ஓடிய பிறகுதான், செடிக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில் குச்சிகளை வாங்கி வந்து சமையல் கத்தியால் பிளந்தேன். என் மகள் ஆன்சிக்கு ஆறு வயது. தாள் ஒட்டியது அவள்தான். ஒரு பக்கம் சுருக்கம் விழுந்தது. நீவிவிடப் போன கையை இழுத்துக்கொண்டேன். அன்று அவள் என்னிடம் பேசியதுபோல் ஒருநாளும் பேசியதில்லை. தபாலகத்துப் பெண், கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேராது என்றாள். தெரிந்துதான் அனுப்பினேன்.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளோடு குடிலைப் பிரித்துவிடுவது எங்கள் வழக்கம். அதுவும் முடிந்த பிறகு நேற்று போன் செய்தேன்.

"இன்னும் வரலீங்ணா. புல்லெல்லாம் சாஞ்சு மஞ்சளாப் போச்சு. குடிலப் பிரிக்கலாம்னா அப்பா உட மாட்டேங்கறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, "என் தப்புங்கப்பா, பிரிச்சிருங்க" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு. வர்றப்ப வரட்டும். குடில் எங்க ஓடிப்போவுது."

நீ எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அது கேட்காமல் இல்லை. லீவு போட முடியுமா என்று நானும் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் ஜன்னலோரத்தில் பூனைப் புல் இன்னும் பச்சையாகவே நிற்கிறது. ஆன்சி அட்டையில் வெட்டிய மாடு அதில் படுத்திருக்கிறது. மேலே நட்சத்திரம் இல்லை. நாங்கள் செய்தது ஒன்றுதான்.

"நம்ம நட்சத்திரம் எங்கப்பா இருக்கு?" என்று காலையில் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்குப் போய்ட்டிருக்கு" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.