கத்தரினின் கால் அளவு

மொன்றியலின் வில்லரேயில், தம்பி குடும்பம் மேலே இருக்க, கத்தரின் இருந்த கீழ்வீட்டு வாசலில், பனிக்காலம் முழுக்க ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்துக் கிடக்கும். முதல்தரம் வருகிறவர்கள் உள்ளே யாரோ ஆண் இருக்கிறதாக நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள். கத்தரினுக்கு அதில் ஒரு சந்தோசம்.

"அது என்ர புருசன். கதைக்காது, தண்ணியடிக்காது, குளிருக்குக் காலைச் சூடா வச்சிருக்கும். வேற என்ன வேணும்?"

கலியாணம் கட்டாமலே அறுபதைத் தாண்டியவள். இதயம் பலவீனப்பட்டு, கால் இரண்டும் வீங்கி அகன்றுவிட்டன. பெண்களுக்கென்று கடையில் விற்கிற எந்தப் பனிச்சப்பாத்தும் ஏறாது. இதில் அவளுக்கு ஒரு பகிடியும் இருந்தது. மன்னாரிலிருந்து வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு அறையை இன்னும் மூன்று பெண்களோடு பங்குபோட்டு இருந்த காலத்திலேயே, சென்ட் லோரன்டில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் தையல் மெசினில் இருந்தவள்.

"மொன்றியல்ல பாதிச் சனத்தின்ர காலுக்கு நான் தைச்சிருக்கிறன். எனக்கெண்டு ஒண்டு தைச்சு வைக்காமல் விட்டிட்டன். மடைச்சி."

பிறகு தையல் பகுதியை மூடி, மெசின்களைப் பெட்டி அடித்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் கத்தரின் தன் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மற்றப் பெண்கள் ஏசினார்கள். "அது என்ன பாவம் செய்தது?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கப் போனாள், கால் நிற்க விட்ட வரைக்கும்.

அவள் முந்தி அந்தத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட தம்பி ஞானேந்திரனைக் கம்பனி வைத்துக்கொண்டது. அவனுக்குக் கண் அப்படி. சீனாவிலிருந்து வருகிற மாதிரிச் சப்பாத்தைக் கையில் வாங்கித் திருப்பினால், ஒரு தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் விரலை அந்த இடத்தில்தான் வைப்பான். வீட்டில் அந்தக் கண் ஒரு கரைச்சல். வாசலில் நின்றபடியே, "உப்புப் போத்தலை ஆர் இடம் மாத்தினது?" என்பான்.

"பொலிசுக்குப் போயிருக்கலாம் நீங்கள்," என்பாள் மனைவி ஜெயனி.

ஒவ்வொரு வருசமும் சீனாவுக்குப் போய் அடுத்த மாரிக்கான ஓடரை முடித்து வருகிறவர் ஓய்வுபெற்றுவிட, இந்த முறை ஞானேந்திரனை அனுப்பத் தீர்மானித்தார்கள். குவாங்சோ, செங்டு, ஷாங்காய். அவனைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து படியில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்: "எங்கட தம்பியைக் கம்பனி சீனாவுக்கு அனுப்புது. அவங்களுக்குப் பிழை சொல்லிக் குடுக்க!"

வெளிக்கிட முதல் அவன் மண்ணிறக் கடதாசி ஒன்றை நிலத்தில் விரித்து, அவளை அதில் ஏறி நிற்கச் சொன்னான். பென்சிலால் காலைச் சுற்றிக் கீறினான்.

"கூசுதடா!"

"அசையாதேங்கோ அக்கா. பேந்து சப்பாத்துக் கோணலா வரும்."

"எத்தினை மாடு உரிக்கப் போறாங்களோ இந்தக் காலுக்கு."

"செங்டுவில மாதிரி செய்யிற இடம் இருக்கு. ஒரு சோடி செய்விச்சுக்கொண்டு வாறன்."

"அங்கதான் என்ர மெசினும் போனது. அதில இப்ப ஆர் இருக்கிறதெண்டு பாத்திட்டு வா."

சீனாவில் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று கம்பனியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே போக முதல்நாள் ஜெயனியின் போனில் வீசாட் போட்டுக் கொடுத்தான். கோயில் குழு, சொந்தக்காரர் குழு, மன்னார் குழு எல்லாம் அவனுக்கு அறுந்துபோகும். வீட்டுச் செய்தி இனி ஜெயனி சொன்னால்தான் உண்டு.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞானேந்திரன் கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்ட்டின் ஆட்களோடு பாங்கொக்கில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தான். அப்போது மன்னாரில் அம்மா செத்துப்போனா. கிழமைக்கொருதரம் அவன் எடுக்கிற கோலில் கத்தரின், "அம்மா சுகமா இருக்கிறா," என்றே சொல்லிவந்தாள். வந்து இறங்கிய அன்று இறால் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அவன் பாங்கொக் கதையைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து இரண்டாம்தரமும் போட்டுச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்த பிறகு சொன்னாள். சாப்பிட்டது முழுவதையும் அவன் சத்தி எடுத்தான்.

அக்காவோடு அவன் அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் கலியாணம் கட்டிய புதிதில் ஜெயனியின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினான்: "நல்லதைச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. கெட்டதை எனக்கு ஒளிக்காதை."

குவாங்சோவிலிருந்து வந்த முதல் கோல் கலகலப்பாக இருந்தது. ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியே ஆற்றையும், கரையில் நிறம் மாறி எரிகிற கோபுரங்களையும் காட்டினான். தெருவில் மோட்டார்சைக்கிள்கள் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வருகின்றனவாம். சாப்பாட்டு மேசை சுழல்கிறதாம். முழு மீனை வைத்து, விருந்தாளி என்று தலையை அவன் பக்கம் திருப்பி விட்டார்களாம்.

"மீன் தலையோ?" கத்தரின் ஜெயனியின் கையிலிருந்து போனைப் பறித்தாள். "வீட்டில எனக்கு விடமாட்டாய், அங்கயும் உனக்குத்தானோ?"

அடுத்த நாள் காலமை ஜெயனி கீழே தேத்தண்ணி கொண்டு போனபோது, கத்தரின் கட்டில் விளிம்பில் இருந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் தண்ணி கட்டிவிட்டது, மருந்தால் இறக்கலாம், சில நாள் வைத்திருப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாயோடு கத்தரின் சொன்ன முதல் வசனம்: "அவனுக்குச் சொல்லாதை."

"மச்சாள், அவருக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்."

"எனக்கும் ஒண்டு பண்ணு. பழசு அதில அடிபட்டுப் போகும்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை பிள்ளை. இந்த ஒருதரம் பாதியில திரும்பி வந்தானெண்டா அடுத்த வருசம் வேற ஆளைத்தான் அனுப்புவாங்கள். நான் நாலு நாளில வீட்ட வந்திடுவன். அவன் போன காரியத்தை முடிச்சுக்கொண்டு வரட்டும்."

ஜெயனியின் பதினாறு வயது மகள் ஷெரோன் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தமிழில் சொன்னாள்: "மாமி, இது பொய். அப்பா எங்களோட கோவிப்பார்."

"கோவிக்கட்டும். நான் எழும்பி வந்து வாங்கிக்கட்டுறன்."

கோயில் குழுவில் அன்றைக்கே 'கத்தரின் அக்காவுக்காகச் செபியுங்கள்' என்று வந்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்து கோல் வந்தது. மன்னாரிலிருந்து வந்தது. உலகத்தில் அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

செங்டுவிலிருந்து ஞானேந்திரன் எடுத்தான். சப்பாத்து முடிந்துவிட்டது. "அக்காவைக் கூப்பிடு, காட்டவேணும்."

"படுத்திட்டா," என்றாள் ஜெயனி.

"இப்பவோ? சரி. நாளைக்கு எடுக்கிறன். பின்னால குசினி லைற் எரியுது, நிப்பாட்டு."

மறுநாள் பின்னேரம் கத்தரினின் ஏற்பாடுதான் எல்லாம். வீட்டிலிருந்து நீலக் கார்டிகன் வந்தது. பூப்போட்ட தலையணை உறை வந்தது. ஷெரோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தலை வாரிவிட்டாள். வலக்கையில் பேர் எழுதிக் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டியைக் கார்டிகன் கை மறைத்தது. கோல் வந்ததும் மூக்குக் குழாயைத் தானே கழற்றித் தலையணைக்குக் கீழே செருகிக்கொண்டாள்.

"என்னடா, சீனாக்காரன் மாதிரியே வந்திட்டாய்!"

அங்கே காலை. அவன் தொழிற்சாலைக்குள் நின்றான். சப்பாத்தைத் தூக்கிக் காட்டினான். கறுப்புத் தோல், உள்ளே ஆட்டுமயிர், அகன்ற முன்பக்கம். கடதாசியில் கீறிய காலை வைத்துப் பார்த்தானாம், அச்சாகப் பொருந்தியதாம். பிறகு போனைத் திருப்பித் தையல் வரிசையைக் காட்டினான். "உங்கட மெசின் இதுதானோ தெரியாது அக்கா. ஆனால் அதே சாதி." ஒரு இளம்பெண் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

கத்தரின் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று வலக்கையை நீட்டித் திரையைத் தொட்டாள். "டேய், அந்தப் பிள்ளையின்ர தோளைப் பார். கதிரை பதிவாய் இருக்கு. இப்பிடியே இருந்தால் நாப்பது வயசில கை தூக்கேலாது. உயர்த்திக் குடுக்கச் சொல்லு."

கார்டிகன் கை முழங்கைப் பக்கம் சரிந்தது. ஜெயனி படத்துக்குள் வராமல் எட்டி அதை இழுத்துவிட்டாள். அங்கே அவன் போனைத் தன் பக்கம் திருப்பி முகத்துக்குக் கிட்டப் பிடித்தான்.

"சொல்லுறன் அக்கா," என்றான் அவன். "சாப்பிட்டியளோ?"

"புட்டும் மீன்குழம்பும். மீன் தலை எனக்கு."

கோல் முடிந்ததும் அவள் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தாதி ஓடிவந்து குழாயைப் போட்டுவிட்டு ஜெயனிக்குப் பிரெஞ்சில் ஏசினாள். ஜெயனி எல்லாவற்றுக்கும் "வி, வி" என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு ஞானேந்திரன் எடுத்த கோல்களில் அக்காவைக் கேட்கவில்லை. நாலாயிரம் சாமான் உள்ள வீட்டில் குசினி லைற்றைக் கேட்கிறவன், அக்கா எங்கே என்று கேட்கவில்லை. ஜெயனிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை. கத்தரினின் சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். நாலு நாள் என்ற பேச்சை இப்போது யாரும் எடுக்கவில்லை. பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார்.

ஷாங்காயில் ஆற்றங்கரையில் நின்று அவன் எடுத்தான். பின்னால் கட்டடங்களின் தலைகள் முகிலுக்குள் போயிருந்தன. ஜெயனி ஆஸ்பத்திரி விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, வேளைக்கு வரேலாதோ?"

"ஏன்?"

அவளுக்கு வாய்வரை வந்தது. உள்ளே கட்டிலில் கத்தரின் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது கதவிடுக்கால் தெரிந்தது.

"சும்மாதான்."

அவன் இரண்டாம்தரம் ஏன் என்று கேட்கவில்லை. "நாளைக்குத்தான் கையெழுத்து. முடிச்சவுடன பிளேன் எடுக்கிறன். ஆக்கள் வந்திட்டினம், வைக்கிறன்."

அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏறிய பிளேன் எங்கோ கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தபோது கத்தரின் மூச்சை விட்டாள். ஷெரோன் ஒரு கையையும் ஜெயனி ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அவனுக்குச் சாப்பாடு குடுத்திட்டுச் சொல்லு," என்று விடியப்புறம் சொன்னதுதான் கடைசியாக விளங்கிய பேச்சு.

அதை மட்டும் ஜெயனி கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவன் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும், வண்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கவே சொன்னாள். "மச்சாள் இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா."

அவன் வண்டிலில் மேலே இருந்த சப்பாத்துப் பெட்டியை நேராக்கி வைத்தான். "நீ தனியவோ வந்தனி?" என்று கேட்டான். வீடு வரும்வரை வேறொன்றும் கேட்கவில்லை.

'ஏன் ஒளிச்சனி' என்ற கேள்விக்கு ஜெயனி பதில் தயாராக வைத்திருந்தாள். மச்சாள்தான் வேண்டாமென்றவ. டொக்டர் முதல் அப்படிச் சொல்லவில்லை. நான் ஒருதரம் வாய் திறந்தனான். அவன் கேட்கவேயில்லை. கேட்காமல் இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடியது.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில், ஆட்கள் வர முதல் குடும்பத்தை உள்ளே விட்டார்கள். கத்தரின் நீலக் கார்டிகனோடு கிடந்தாள். காலைப் பெட்டியின் மூடி மறைத்திருந்தது. ஜெயனி செபமாலையை எடுத்து வலது மணிக்கட்டில் சுற்றப் போனாள்.

"மற்றக் கையில சுத்து," என்றான் ஞானேந்திரன். "அந்தக் கையில பட்டி கிடந்தது. அழுத்தியிருக்கும்."

ஜெயனி செபமாலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டியை ஆஸ்பத்திரியிலேயோ மலர்ச்சாலையிலேயோ வெட்டி எறிந்துவிட்டார்கள். அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஷெரோனைப் பார்த்தாள். அவளும் இல்லையென்று தலையசைத்தாள்.

அடக்கம் முடிந்து, ஆட்கள் கலைந்து, அவர்கள் கீழ்வீட்டுச் சாமான்களை ஒதுக்கப்போன அன்றுதான் கேட்டாள். அன்றைக்கு முதல் பனி கொட்டியிருந்தது.

"செங்டுவில வச்சே கண்டிட்டியள் என்ன?"

அவன் வாசலில் கிடந்த ஆம்பிளைச் சப்பாத்தை, இல்லாதவர்களுக்கென்று கோயிலுக்குக் கொடுக்கிற பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். "கையை நீட்டேக்க."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். உனக்குப் பொய் வராது." பையின் வாயை மடித்தான். "சொல்லியிருந்தால் நான் வெளிக்கிட்டிருக்க வேணும்."

"அதுக்கு?"

"அதுதான் கேக்கேல்லை."

ஜெயனிக்குக் கோபம் வந்தது. பிறகு அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் புதுச்சப்பாத்துப் பெட்டியை எடுத்து, "இதை என்ன செய்யிறது?" என்றாள்.

"அதையும் போடு. அகலக் கால் உள்ள ஆரும் இருப்பினம்." சப்பாத்தை வாங்கி நாடா இரண்டையும் சேர்த்து முடிந்தான், பைக்குள் சோடி பிரியாமல் இருக்க. அது அவன் தொழில் பழக்கம்.

மேலே வந்து அவள் சோறு போட்டாள். கோயில் ஆட்கள் கொடுத்துவிட்ட மீன்குழம்பு இருந்தது. தலையை யாரோ அவனுக்கென்று பார்த்து வைத்திருந்தார்கள். அதைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு அவன் சாப்பிட்டான், மெதுவாக, முழுவதையும். ஜெயனி எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் குழம்பு வைத்த அன்று கத்தரினும் இப்படித்தான் எதிரே இருந்து பார்த்திருப்பாள்.