பெரியவள், சின்னவள், ஒரு ஃப்ளாஸ்க்

என் அக்காவுக்கு எதுவும் பிடிக்காது. இதை நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவளுக்கு என்னென்ன பிடிக்கவில்லை என்று படிக்க வாராவாரம் ஆட்கள் இணையத்தில் வந்து காத்திருக்கிறார்கள். உலகத்தில் யாருக்கெல்லாமோ என்னென்னவோ திறமை. என் அக்காவுக்குக் குறை சொல்வது கைவந்த கலை.

எங்கள் வீட்டு முன்னறையில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். டைப் அடித்தும் கொடுப்பாள். வேலைக்கு விண்ணப்பம் நகலெடுக்க வருகிறவரிடம் அதை வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, "இப்படி எழுதினா உங்களை யாருங்க கூப்பிடுவா?" என்று கேட்ட பிறகுதான் பட்டனை அழுத்துவாள். அப்படியும் கடையில் கூட்டம் குறைவதில்லை. இந்தத் தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை கிடையாது.

புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்டா" என்றாள். அந்த இரண்டு நாள் முடிவதற்குள் எங்கள் மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, கல்லூரி விடுதிக்கும் போய்விட்டாள். பெட்டி மட்டும் இன்னும் அக்காவின் கட்டிலுக்கடியில் இருந்தது. நல்ல துணிகளை அதில்தான் வைப்பாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தோம். "எதுக்கு? போறவளுக்கு எதுக்கு அலமாரி?" என்றுவிட்டாள்.

என் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலை முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பவள் என்பதால் அக்காவைச் சமாளிப்பது அவளுக்கு ஓய்வு நேரம் மாதிரி. நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் இரண்டு பேருக்கு நடுவில் அதே பிழைப்பு.

வலைப்பூ ஆரம்பித்த கதை ஒரு மிக்ஸியிலிருந்து தொடங்குகிறது. இணையத்தில் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்ததை நம்பி வாங்கினோம். ஆறாவது மாதம் அது புகைவிட்டது. அக்கா உட்கார்ந்து அந்தப் புகழுரைகளை எல்லாம் மறுபடி படித்தாள். அத்தனை பேரும் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருந்தார்கள்.

"முதல் நாள் எதுதான் நல்லா இல்ல? என் கல்யாணத்தன்னிக்கு அவருந்தான் நல்லா இருந்தார்" என்றாள் அக்கா.

"அப்போ ஒரு வருஷம் கழிச்சு எழுதுவோமா?" என்றாள் என் மனைவி.

அப்படித்தான் 'ஒரு வருஷம் ஆச்சு' பிறந்தது. ஒரு சாமானை வாங்கி முழுசாக ஒரு வருடம் புழங்கிய பிறகுதான் அதைப் பற்றி எழுதுவார்கள். பெரியவள் சொல்வது, சின்னவள் சொல்வது என்று இரண்டு பகுதி. பெரியவள் அக்கா, சின்னவள் என் மனைவி. அதில் எனக்கும் ஒரு பெயர் உண்டு: சோதனை எலி. குடை, செருப்பு, மழைக்கோட்டு எல்லாம் என் மேல்தான் சோதிக்கப்படும். ஒருமுறை 'வழுக்காத செருப்பு' என்று விற்றதைப் போட்டுக்கொண்டு குளியலறையில் நான் விழுந்தேன். இரண்டு பேரும் ஓடி வந்து முதலில் செருப்பைத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.

வலைப்பூ நடத்தக் கூட்டாளி எதற்கு என்று கேட்பவர்கள் என் வீட்டுக்கு வந்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அக்காவுக்குக் கோபம் வந்தால் மடமடவென்று எழுதிவிடுவாள். எங்கே நிறுத்துவது என்பது மட்டும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியில் தொடங்கி, அதைச் செய்தவன், அவன் மாமனார், அவனுக்குப் பெண் கொடுத்த வம்சம் வரைக்கும் போய்விடுவாள். சின்னவள் அதைப் படித்துப் பார்த்து மாமனாரையும் வம்சத்தையும் வெட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மட்டும் விட்டுவைப்பாள். சாமானைத் திட்டலாம், செய்தவன் குடும்பத்தைத் திட்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அவள் படிக்காமல் எதுவும் வெளியே போகாது. சின்னவள் தனியாக எழுதினாலோ யாருக்கும் மனம் நோகாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள். "பரவாயில்லை ரகம்" என்று ஒரு துடைப்பத்துக்கு எழுதியவள் அவள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் காரமும் உப்பும் சரியாக நின்றன. ஒரு தடவை தோசைக்கல் கம்பெனி ஆள் ஒருவர் வீடு தேடிச் சண்டைக்கு வந்தார். சின்னவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். பெரியவள் தோசைக்கல்லையே கையில் கொடுத்து, "நீங்களே சுரண்டிப் பாருங்க" என்றாள். மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில் மண் விழுந்தது ஒரு மடக்கு மேசையால்.

அக்கா அதைப் பற்றி எழுதும்போது, "இதன் கால்கள் என் முன்னாள் புருஷனைப் போல, யாராவது நம்பிச் சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும்" என்று ஒரு வரி போட்டாள். சின்னவள் அதை வெட்டினாள்.

"அந்தப் பதிவுலயே உருப்படியான வரி அது ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

"அவர் சாமான் இல்லக்கா."

"ஆமா, சாமானா இருந்தா வந்த வாரமே திருப்பிக் குடுத்திருப்பேன்."

"படிக்கிறவங்க சிரிப்பாங்க. ஆனா அவங்க உங்க மேசையப் பத்திப் பேச மாட்டாங்க, உங்களப் பத்திப் பேசுவாங்க. வேண்டாம்."

நான் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாலு பேர் வந்து படிக்கிறாங்கன்னா அது என் எழுத்துக்கு. நீ யாரு? வெறும் கத்திரிக்கோல்."

என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு அக்கா எழுதியதை அவள் வாங்கிப் படிக்கவில்லை, அக்காவும் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். "உப்பு எடுத்துத் தரச் சொல்லு" என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

அந்த வாரத்தில்தான் அக்கா கடையில் வைத்து ஒரு வீட்டுத் தரகரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஓர் அறையும் சமையலறையும் போதும், கீழ்த்தளமாக இருந்தால் நல்லது என்றாள். என்னைப் பார்த்ததும், "எவ்வளவு நாள்தான்டா உங்க வீட்டுலயே இருக்கறது? தனியா எழுதவும் தெரியும், தனியா இருக்கவும் தெரியும்" என்றாள். இவளுடைய வாய்க்கு நான் ஆயிரம் தடவை காதைப் பொத்தியிருக்கிறேன். அந்த வாய் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. தனியாக எழுதும் முதல் பதிவு ஓடிவிட்டால் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதிவு வந்தது. திட்டத்தான் தெரியும் என்று நினைத்தாயா, பாராட்டவும் தெரியும் என்று சின்னவளுக்குக் காட்டுவதற்காகவே எழுதியது. அக்கா வாழ்நாளில் பாராட்டிய ஒரே சாமானைப் பற்றி.

அது ஒரு ஃப்ளாஸ்க். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது, கடை வைத்ததிலிருந்து கடை மேசையில் இருப்பது. காலையில் அவளே டீ போட்டு அதில் ஊற்றி வைப்பாள். ஒரு டம்ளர் பத்து மணிக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி அங்கேயே கொஞ்சம் படுப்பாள். எழுந்து நாலு மணிக்கு இன்னொரு டம்ளர். "சாயங்காலம் ஊற்றினாலும் நாக்கு சுடும். ஒரு வருடமில்லை, பல வருடமாகப் பார்க்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று எழுதியிருந்தாள். அதே மாடல் இன்னும் கடைகளில் கிடைக்கிறது என்று படமும் போட்டிருந்தாள்.

எதற்குமே மசியாத பெரியவளே சொல்லிவிட்டாள் என்று ஆளாளுக்கு ஓடிப் போய் வாங்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"எங்க வீட்டு ஃப்ளாஸ்க் மத்தியானமே கையக் கழுவிடுச்சு."

"நாலு மணிக்கு ஊத்தினேன். பச்சத் தண்ணி."

"பெரியவளும் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்க ஆரம்பிச்சாச்சு போல."

கடைசி வரியைப் படித்துவிட்டு அக்கா அன்றைக்கு யாருடைய விண்ணப்பத்தையும் குறை சொல்லவில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து யாருக்கும் விலை போகாத வாய். அதையே விலைக்குப் போட்டுவிட்டாள் என்று முகம் தெரியாத ஒருவன் எழுதிவிட்டான்.

எனக்கு அப்போது கணுக்கால் சுளுக்கு. வேலைக்குப் போகாமல் வீட்டில் காலை நீட்டிக் கிடந்தேன். அக்கா மத்தியானம் படுத்த நேரத்தில் என் மனைவி பள்ளியிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் அடுப்பில் டீ போட்டாள். பூனை மாதிரி கடைக்குள் போய் ஃப்ளாஸ்க்கை எடுத்து வந்தாள். ஆறிய டீயைக் கொட்டினாள். வெந்நீர் விட்டு அலசி, சுடச்சுடப் புது டீயை ஊற்றி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்கும்படி.

நான் வாயைப் பிளந்தேன்.

"நீங்க எதையும் பார்க்கல" என்றாள் என்னிடம்.

"எத்தனை நாளா?"

"பேசாம காலுக்கு மருந்து போடுங்க."

"அடியே, ஊரே அவளைத் திட்டுதே!"

"தெரியும். என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அக்காவோடு சண்டை போட்ட பிறகும் அவள் ஒரு நாள்கூட இதை நிறுத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அக்கா முடிவெடுத்துவிட்டாள். ஊர் கண் முன்னால் சோதனை. காலையில் டீயை ஊற்றிப் படமெடுத்துப் போட்டாள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை டம்ளரில் ஊற்றிய டீக்குள் விட்டு அதை உடைத்தாள். பிறகு சும்மா ஃப்ளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத் தூக்கமும் கிடையாது. பள்ளியிலிருந்து வந்த என் மனைவி டீப் பாத்திரத்தோடு கடை வாசல் வரை வந்து அப்படியே நின்றாள்.

கோபத்தை மறந்து அக்கா நேராகவே கேட்டாள். "அது யாருக்கு டீ?"

"எனக்குத்தான்."

"நீதான் டீயே குடிக்க மாட்டியே."

"எனக்கு, எனக்கு" என்று நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஓடி வந்தேன். பாத்திரம் முழுவதையும் அவள் எதிரிலேயே குடிக்க வேண்டியதாயிற்று. நாக்கு வெந்து போனது.

நாலு மணிக்கு அக்கா ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள். ஆவி வரவில்லை. ஒரு வாய் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தாள். என் அக்காவுக்கு வாய் மட்டும் இல்லை, மூளையும் உண்டு.

"தினமுமா?"

"ம்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும்."

"எதுக்குடி?"

என் மனைவி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, டீச்சரிடம் மாட்டிய பிள்ளை மாதிரி நின்றாள். "நீங்க வந்த மறுநாள் நாலு மணிக்கு இதுலருந்து டீ ஊத்திக் குடிச்சீங்க. மத்தியானம் நான் தற்செயலா புது டீ ஊத்தி வச்சிருந்தேன், உங்களுக்குத் தெரியாது. குடிச்சிட்டு அழுதீங்க. 'சொன்ன சொல்லக் காப்பாத்துறது என் வாழ்க்கையில இது ஒண்ணாவது இருக்கே'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் அத ஆற விட எனக்கு மனசு வரலக்கா."

அக்கா, நகலெடுக்க வந்த ஒருவரை, "கடை இல்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு ஷட்டரை முழுதாக இறக்கினாள். உள்ளே அவள் டைப் அடிக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கையில் இருந்த தாளை என் மனைவியிடம் நீட்டினாள்.

"வெட்டு."

நானும் எட்டிப் பார்த்தேன். "ஃப்ளாஸ்க்: வாங்க வேண்டாம். மத்தியானம் வரைகூடத் தாங்காது. பாராட்டியது என் தப்பு. காசு வாங்கவில்லை, கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடமும் டீ சூடாக இருந்ததற்குக் காரணம் சின்னவள். நான் அவள் வீட்டில் தங்கியிருப்பவள். எனக்குத் தெரியாமல் தினமும் மாற்றி ஊற்றியிருக்கிறாள். அந்தப் பதிவை அவளிடம் காட்டாமல் எழுதியதால்தான் உங்கள் பணம் வீணானது. இனி அவள் படிக்காமல் ஒரு வரியும் வராது."

என் மனைவி பேனாவை எடுத்தாள். மாமனார் இல்லை, வம்சம் இல்லை, வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். 'நான் அவள் வீட்டில் தங்கியிருப்பவள்' என்ற ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொய் எழுதக் கூடாதுக்கா" என்றாள்.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கால் சரியானதும் என் கட்டிலுக்கடியில இருக்கிற பெட்டியத் தூக்கிப் பரண்ல போடு. பெருக்க விடாம எடத்த அடைக்குது" என்றாள். கால் சரியாகும் வரை காத்திருக்காமல் அப்போதே நொண்டிக்கொண்டு போய்ப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் மனைவி ஒளிந்து மறையாமல், சத்தமாகவே போய் ஃப்ளாஸ்க்கில் டீயை மாற்றி வைத்தாள். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து ஊற்றி ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரை கம்மி" என்றாள்.

"ஃப்ளாஸ்க்கிட்ட சொல்லுங்க" என்றாள் என் மனைவி.