டாக்டரம்மா கை கழுவிட்டாங்க

பச்சைத் துணி விரித்த தட்டில் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் கத்தரி சிஸ்டர். முதலில் வேண்டியது கைக்குப் பக்கத்தில், கடைசியில் வேண்டியது தள்ளி. வைத்த பிறகு யாராவது விரல் நுனியால் தொட்டாலும் தொலைந்தது, எல்லாவற்றையும் மறுபடி ஆவியில் வைக்க வேண்டும். தொட்டவர் காதில் ரத்தம் வரும். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது கையில் இருக்கும் கத்தரியாலா வாயில் இருக்கும் கத்தரியாலா என்பதில் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி.

சின்ன வயதில் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்தவள். நர்ஸ் படிப்புக்கு அனுப்பிய அப்பாவே, "ஒரு வாரம் தாங்கமாட்டா, பெட்டியைப் பிரிக்கவேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்று ஊரெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நின்றது பழகிப்போய், முடி நரைக்கும் வரை ஆபரேஷன் தியேட்டரிலேயே நின்றுவிட்டாள்.

கருக்கலைப்புக்குத் தட்டு வைப்பது அவளுக்கும் பிடித்த வேலையில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்தால் பேச்சிருக்காது. கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு டிவியை அணைத்துவிடுவார். ஒருமுறை மட்டும், "பிடிக்கலைன்னா சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். "எனக்குப் பிடிக்குதா இல்லையான்னு விசாரிக்கவா அவங்க படுத்திருக்காங்க?" என்றாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வந்திருந்தவள் பஸ் கண்டக்டர். முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்க வழியில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. "நிறுத்தம் வர்றதுக்கு முன்னாடியே இறங்கப் பாக்குது சிஸ்டர்" என்று சிரித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் அக்கா, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி" என்று அதட்டினாள். அதட்டிய குரலே உடைந்திருந்தது.

மத்தியானம் காய்ச்சல் ஆரம்பித்தது. கர்ப்பப்பையை உடனே காலி செய்தால் கண்டக்டர் தப்பிப்பாள், தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும். ஆனால் உள்ளே துடிப்பு இன்னும் கேட்டது. துடிப்பு இருக்கும் வரை கை வைக்கமாட்டேன் என்பது பணியில் இருந்த சின்ன டாக்டரம்மாவின் நம்பிக்கை. கெட்ட பெண் இல்லை. துணைக்கு ஆளில்லாத நோயாளிக்குத் தன் கையால் ஊட்டிவிடுகிறவள். மனசு ஒப்பாத டாக்டர் விலகிக்கொள்ளலாம், வேறொருவரை ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று விதியும் இருந்தது. அவளும் பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

துடிப்பு இன்னும் இருப்பதோ, டாக்டரம்மா விலகிக்கொண்டதோ தியேட்டருக்குள் இருந்த கத்தரிக்குத் தெரியாது. தயாராக இருக்கச் சொல்லி வார்டிலிருந்து ஆள் வந்தது, தயாரானாள். வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கைப் போட்டாள். கை கழுவி, அங்கி மாட்டி, கையுறை போட்டு, கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டுக்குக் காவல் நின்றாள். அந்தக் கோலத்தில் வெளியே போகக்கூடாது, கதவைக்கூடத் தொடக்கூடாது. தியேட்டர் குழாய் பழுதாகி மாதக்கணக்கில் யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் டாக்டர்கள் வார்டுப் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டு வருவது வழக்கமாகியிருந்தது.

வெளியே செருப்புச் சத்தம். வார்டு உதவியாள். ஒரு சேதி கிடைத்தால் ஆஸ்பத்திரி முழுக்க ஒலிபரப்புவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஏய் ரேடியோ! டாக்டரம்மா கை கழுவியாச்சா?"

"அதெல்லாம் அப்பவே கழுவிட்டாங்க சிஸ்டர்!"

செருப்புச் சத்தம் போய்விட்டது. கத்தரி நின்றாள். கால் மரத்தது. தோள் வலித்தது. சுத்தம் செய்த கையை யாரும் இவ்வளவு நேரம் சும்மா வைத்திருக்கமாட்டார்களே என்று உறைத்தபோது, ரேடியோ மறுபடி அந்தப் பக்கம் வந்தான்.

"டேய், கை கழுவினவங்க எங்கடா போய்த் தொலைஞ்சாங்க?"

"என்ன சிஸ்டர் நீங்க? என்னால ஆகாதுன்னு கை கழுவிட்டு அவங்க ரூம்ல உக்காந்திருக்காங்க. அதைத்தானே சொன்னேன்!"

கத்தரி கையுறையை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

சின்ன டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சிஸ்டர்? முடிஞ்சுதா?"

"எது முடிஞ்சுதா?"

"தியேட்டர்ல லைட் எரிஞ்சுதே. பெரிய டாக்டர் வந்துட்டாருன்னு..."

"லைட்டைப் போட்டது நான். நீங்க வர்றீங்கன்னு."

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுதாம். இப்பவாவது வாங்கம்மா."

"துடிப்பு நிக்கலையே சிஸ்டர். என்னால முடியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். உங்க நம்பிக்கையை நான் பிடுங்க வரலை. அதுக்கு அவ விலை கொடுக்கணுமா?"

டாக்டரம்மா அழ ஆரம்பித்தாள். அழுகிறவளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கத்தரி மேஜை மேல் இருந்த ஃபோனை எடுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள்.

"பாதி வழியில வார்டுக்கு ஃபோன் பண்ணேனே. தியேட்டர் தயார், சிஸ்டர் உள்ள நிக்கிறாங்கன்னு சொன்னாங்க. அந்தம்மா மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்" என்றார் அவர்.

கத்தரி உள்ளே நின்றது ஒன்றுதான் எல்லோரையும் நிம்மதியாக உட்கார வைத்திருந்தது.

அவர் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. துடிப்பு அதற்குச் சற்று முன்புதான் நின்றுபோயிருந்தது. இனி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உள்ளே எல்லாம் சீழாகியிருந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையையே எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார் பெரிய டாக்டர். அவர் கேட்க, கத்தரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் கணவர் டிவியை அணைத்தார். தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

மறுநாள் காலை, பணிக்குப் போகும் முன் கத்தரி வார்டுக்குப் போனாள். நோய்த்தொற்று என்று மட்டும் சொன்னால் போதும் என்று மேலிடம் எல்லோருக்கும் சொல்லியனுப்பியிருந்தது. கண்டக்டர் விழித்திருந்தாள்.

"சிஸ்டர், ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?"

அக்காவும் எழுந்து நின்றாள். கத்தரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் மறுத்தார், யார் யாரை நம்பிச் சும்மா இருந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தன்னையும் விடவில்லை. அக்கா அவளைத் திட்டினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். கண்டக்டர் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

அக்கா ஓய்ந்த பிறகு கத்தரி சொன்னாள்: "இன்னொன்னு இருக்கு. நாளைக்கோ மறுநாளோ உனக்குப் பால் சுரக்கும். பிள்ளை இல்லைன்னு மாருக்குத் தெரியாது. யாரும் உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க."

கண்டக்டர் அப்போதுதான் அழுதாள்.

அழட்டும் என்று விட்டுவிட்டு, கத்தரி ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். எப்படி மடிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினாள். பிழிந்து எடுக்கக்கூடாது, எடுத்தால் இன்னும் ஊறும் என்று இரண்டு தடவை சொன்னாள். அக்கா மூக்கைச் சிந்திவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டாள்.