குழாய்க்காரரும் பன்னிரண்டு தூண்களும்

குழாய்க்காரரைக் கேட்டால் தன் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பைப்பில் சொல்லி முடித்துவிடுவார். அந்தப் பழைய கடைக் கட்டடத்தின் வெளிச்சுவரில், மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் இறங்கும் இரண்டு சாம்பல் நிறப் பைப்புகள் அவர் போட்டவை. அதுவும் இருபத்தேழு வயதில், தன்னந்தனியாக.

கட்டடம் சாதாரணமானதல்ல. நான்கு மாடி, நாற்பத்திரண்டு கடை. நடுவில் பெரிய முற்றம், அதன் உச்சியில் கண்ணாடிக் கூரை. முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வார்ப்பிரும்புத் தூண்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே மூச்சில் ஏறி நிற்கும். எந்த மாடி வராந்தாவில் நின்றாலும் கை நீட்டினால் ஒரு தூண் தட்டுப்படும். முதல்முறை உள்ளே வருபவர்கள் வாங்க வந்த சாமானை மறந்து அண்ணாந்து பார்ப்பார்கள். குழாய்க்காரருக்கு அதைப் பார்க்க எப்போதுமே கொஞ்சம் கர்வம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மொட்டை மாடியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. சுவரில் தேடினார், மழைநீர் இறங்க ஒரு குழாய்கூட இல்லை. கண்ணாடிக் கூரையைச் சுற்றிப் பன்னிரண்டு குழிகள் மட்டும் புறா எச்சமும் சருகும் சேறுமாக அடைந்து கிடந்தன. ஏதோ கொடிக்கம்பம் நட்ட குழி என்று நினைத்தார். பன்னிரண்டிலும் சிமெண்டை ஊற்றிப் பூசினார். தெருப்பக்க மூலையில் இரண்டு பைப்பை இறக்கி நுனியை மண்ணுக்குள் புதைத்தார். தண்ணீர் வடிந்தது. முதலாளி அன்றைக்கே அவரை நிரந்தரமாக்கினார்.

"இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டின ஆளு குழாய் வைக்க மறந்துட்டான் பாருங்க" என்று முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை இலவசம்.

இந்த வருஷம் தெருப்பக்க மூலை இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டது. சுவரில் பென்சில் நுழையும் விரிசல். முதலாளி ஒரு பெண் பொறியாளரைக் கூட்டி வந்தார். அஸ்திவாரம் ஊறிப்போயிருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, நிலத்தடி ஊற்றாக இருந்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை என்றார் அவர். கடைகளுக்கெல்லாம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. மூன்றாம் மாடியில் தையல் கடை வைத்திருந்த குழாய்க்காரரின் மனைவிக்கும் ஒன்று.

தூண்களாவது தேறுமா என்று பார்க்கப் பொறியாளர் ஒன்றில் துளை போட்டார். ட்ரில் சட்டென்று உள்ளே வழுக்கியது.

"உள்ள வெறும் கூடுதான். இரும்பை மிச்சம் பிடிச்சிருக்காங்க போல" என்றார்.

துளையிலிருந்து உலர்ந்த வண்டல் உதிர்ந்தது. அதோடு சருகு ஒன்று, நரம்பு மட்டும் மிஞ்சியது. பொறியாளர் அதை ஊதித் தள்ளிவிட்டு இரும்பின் கனத்தை அளந்தார். பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த குழாய்க்காரர் குனிந்து அந்தச் சருகைப் பொறுக்கினார். மூடிய இரும்புக்குள் சருகு எப்படி வரும்? மேலேயிருந்து தண்ணீரோடு வந்தால்தான் வரும்.

அப்படியானால் அவை கொடிக்கம்பக் குழிகள் இல்லை. பன்னிரண்டு தூணும் பன்னிரண்டு குழாய். கூரையையும் தாங்கி, கூரை மேல் விழுந்த மழையையும் தனக்குள் வாங்கி, தரைக்கடியில் போகும் செங்கல் கால்வாயில் விட்டுவிடும்படி யாரோ யோசித்திருக்கிறான். வாசலில் அந்தக் கால்வாயின் வாயைத் தினமும் தாண்டித்தான் அவர் வேலைக்கு வந்தார். பிழைப்பே குழாய், ஆனால் மதியம் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்ட தூணே குழாய் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷ மழையை அஸ்திவாரத்தின் மூலையில் கொண்டுபோய்க் கொட்டியது அவருடைய பைப்புகள்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கும் மேலே ஒரு மலைப்பு. அந்தப் பெயர் தெரியாத ஆளின் காலில் விழலாம் போலிருந்தது.

விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் பழி நிலத்தடி ஊற்றுக்குப் போகும், கட்டடம் மண்ணுக்குப் போகும். மதியம் தையல் கடையில் மனைவியிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்."

"விளையாடாத. முதலாளிகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுதாங்க. அன்னைக்குத் தெரியாம செஞ்சீங்க. இன்னைக்குச் சொல்லலேன்னா தெரிஞ்சே செஞ்சதாயிடும்." நூலைப் பல்லால் கடித்தாள். "போங்க, சாப்பிட்டுட்டே போங்க."

முதலாளி முழுதும் கேட்டார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது, அவர் திட்டவில்லை. பொறியாளர்தான் ஓடிப்போய்த் தூணை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். "அண்ணே, தண்ணி இதுல போச்சுன்னா மூலை காய்ஞ்சிடும். முட்டுக் கொடுத்துக் காப்பாத்திடலாம்."

"போகுதான்னு முதல் மழை சொல்லட்டும்" என்றார் முதலாளி. "போகலேன்னா நோட்டீஸ் நோட்டீஸ்தான். அதுக்குள்ள நீ ஒவ்வொரு கடையா ஏறி, யார் அடைச்சதுன்னு உன் வாயாலேயே சொல்லிட்டு வா."

எட்டு நாள் உளியும் சுத்தியலுமாகத் தன் சிமெண்டைத் தானே பெயர்த்தார். எஃகுக் கம்பியை விட்டுத் தூண்தூணாகக் குடைந்தார், பொறியாளர் போட்ட துளையை ஆணி இறக்கி அடைத்தார். கால்வாயின் வாய் வழியாக வந்த வண்டல் ஒரு வண்டி நிறைந்தது. பிறகு தன் இரண்டு பைப்புகளையும் அறுத்துக் கீழே சாய்த்தார்.

அப்புறம் படியேறினார். துணிக்கடை, பேனாக்கடை, பூட்டுக்கடை. "நான்தான் அடைச்சேன்." சிலர் கத்தினார்கள், சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பூட்டுக்கடைக்காரர், "எங்கிட்ட அந்தக் கதையச் சொல்லிச் சிரிச்சியேய்யா" என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

நான்காம் மாடியில் கடைசியாகக் கடிகாரக்காரர். முன்கோபி, இடம் மாறினால் கண் பழகாது என்று நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்காதவர். குழாய்க்காரர் வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தபோது கண்ணாடிக் கூரையில் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. பிறகு கொட்டியது.

குழாய்க்காரர் பாதியில் நிறுத்தினார். பக்கத்துத் தூணில் உள்ளங்கையை வைத்தார். ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. சொல்ல வந்ததையாவது முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். கைக்கடியில் இரும்பு மெல்ல மெல்லக் குளிர்ந்தது. உள்ளே ஏதோ இறங்கியது, முதலில் கரகரவென்று, அப்புறம் நிறுத்தாமல், அடித்தொண்டையில் முனகுவதுபோல. எதிர்த் தூணிலும் அதே சத்தம். அதற்கடுத்ததிலும்.

"நான்தாங்க அன்னைக்கு..." என்றார் மறுபடியும்.

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். தூணில் காதை வைத்தார். கையை உயர்த்தினார்.

"பேசாத. கேக்கட்டும்."

குழாய்க்காரர் மறுபக்கம் காதை வைத்துக்கொண்டு அழுதார். கீழே தெரு வாசலில், கால்வாயின் வாயருகே குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்ற பொறியாளர், தண்ணீர் வருகிறதென்று மேலே பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்.