மாவுக்கட்டோடு மூன்று சுற்று

1991இல் ஒரு நாள் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி, என் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வர்ற சனிக்கிழமை பசங்கள பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறோம்மா. தண்டலத்துக்கிட்ட புதுசா தொறந்திருக்காங்களே, ராட்டினம், ரயிலெல்லாம் வெச்சு. நீங்க வரணும்."

நான் காலைக் காட்டினேன். ஸ்டூல்மேல் தலையணை, தலையணைமேல் கட்டு. அவர் அதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"தெரியுதும்மா. ஆனா நீங்க வரலைன்னா பொம்பளப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போக முடியாது. ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."

வல்லம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி அது. ஐந்து ஆசிரியர்களில் பெண் நான் ஒருத்திதான்.

"ஒரு மாசம் தள்ளி வைக்கலாமே சார்?"

"பசங்ககிட்ட சொல்லியாச்சு. பஸ்ஸும் பேசியாச்சு."

என்னிடம் மட்டும்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார். முடியாது என்று அனுப்பிவைத்தேன். அன்று சாயங்காலமே ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோரும் கட்டையே பார்த்தார்கள். கடைசியில் எட்டாம் வகுப்பு லீடர் கேட்டாள்.

"வலிக்குதா டீச்சர்?"

"வலிக்குது."

"சனிக்கிழம வரைக்கும் வலிக்குமா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தெருவைத் தாண்டும் வரை கூச்சல் கேட்டது. என் வீட்டுக்காரர் பட்டறை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "உனக்கு வேலையத்த வேலை" என்றார்.

சனிக்கிழமை காலை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். மாவுக்கட்டு போட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காலை மடக்கி உட்கார முடியாதவளுக்கு வெளியூரில் கக்கூஸ் என்பது கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரிடம் இரவல் வாங்கிய கக்கத்துக் கட்டைகள் அவர் உயரத்துக்குச் செய்தவை. ஊன்றினால் என் தோள் இரண்டும் காதைத் தொட்டன. பஸ்ஸில் ஏறுவதற்கு நான்கு பேர் நான்கு விதமாக யோசனை சொன்னார்கள். கிளீனர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பின்னாலிருந்து முதுகைத் தாங்கி ஏற்றிவிட்டார். வழி நெடுக ஒவ்வொரு ஆசிரியரும் தங்கள் குடும்பத்தில் கால் உடைந்தவர்களின் கதையைச் சொன்னார்கள். ஒருவர் கதையில்கூட கால் ஒழுங்காகக் கூடவில்லை.

"மோர் குடிங்க டீச்சர், வெயில் ஏறுது" என்று தலைமையாசிரியர் மூன்று முறை டம்ளரை நீட்டினார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். "நல்லது சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க" என்று வருத்தப்பட்டார்.

பூங்கா வாசலில் ஏழு படி. அதன்பிறகு உள்ளே எங்கு பார்த்தாலும் ஜல்லி. கட்டையை ஊன்றினால் ஜல்லி நகரும், கட்டையும் கூடவே நகரும். வாசலிலிருந்து முதல் வேப்ப மரம் வரை ஐம்பதடி இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. மரத்தடி சிமெண்டு பெஞ்சில் விழுந்தேன். உடனே என் மடியிலும் பக்கத்திலும் எல்லோருடைய பைகளும் வந்து குவிந்தன. டிபன் டப்பா, செருப்பு, ஓர் ஆசிரியரின் கைக்கடிகாரம், இன்னொருவரின் கண்ணாடி.

"நீங்க எப்படியும் இங்கதானே இருக்கப் போறீங்க" என்றார்கள்.

பையன்கள் ராட்டினத்தைப் பார்த்து ஓடினார்கள். பெண்கள் ஓடவில்லை. என்னைச் சுற்றி ஜல்லியிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"போங்களேண்டி, இன்னும் என்ன?"

"ஹெட்மாஸ்டர் சார் போவக் கூடாதுன்னு சொல்லிட்டாரு டீச்சர்" என்றாள் லீடர். "டீச்சர் எங்க கீறாங்களோ அங்கதான் நீங்களும் இருக்கணும்னாரு."

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பொம்மை ரயில் எங்களைக் கடந்து போனது. கடைசிப் பெட்டியில் தலைமையாசிரியர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். பக்கத்திலிருந்த ஆறாம் வகுப்புப் பெண் அந்த ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ரயில் நின்றதும் அவரைக் கூப்பிட்டனுப்பினேன்.

"சார், இதுங்க இங்க உக்காந்து என் காலைப் பாக்கவா கூட்டிட்டு வந்தோம்?"

"பொம்பளப் பிள்ளைங்க விஷயம்மா. ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். நீங்க கூட இருந்தா எதுல வேணா ஏறட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் கொடுமை.

மரத்துக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, நடக்க முடியலன்னா வண்டில போறது. என் வண்டி சும்மாதான் கீது."

எரு அள்ளும் மூன்று சக்கர இரும்புத் தள்ளுவண்டி அது. சாணி வாடை அடித்தது. அந்த அம்மா கோணிப்பை ஒன்றை உதறி உள்ளே விரித்தார். ஐந்தாறு பெண்கள் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட கால் வண்டியின் முன்னால் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோருடைய பைகளையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். கைக்கடிகாரத்தை மட்டும், போனால் போகிறது என்று இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ரயில், கப்-சாஸர், சறுக்கு மரம் எல்லாவற்றிலும் நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். ராட்டினத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மேல போய் ஒரு பொண்ணு பயந்துபோய் எழுந்து நின்னா? கீழ இருந்து நீங்க என்ன பண்ணுவீங்க? கூட ஏறுங்க, அனுப்புறேன்."

ராட்டினம் ஓட்டுகிற ஆள் என் காலைப் பார்த்தார். "கட்டு போட்டவங்கள ஏத்த மாட்டோம்மா. ஓனர் திட்டுவாரு."

"சார், நான் ஏற முடியாதாம்."

"அப்ப பொண்ணுங்களும் வேணாம்மா."

"நான் ஏறாம இவங்கள அனுப்ப மாட்டாராம்பா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? கட்டு கீதே."

இப்படி இரண்டு பேரும் என் தலைக்கு மேலே மாறி மாறிப் பேசினார்கள். எனக்குக் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. கட்டுக்குள் அரிப்பு வேறு. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு வைத்திருந்த குரலை எடுத்தேன்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க! எனக்கு ஒடஞ்சது கால். இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஒடையல. நீங்க அவரு ஓனர்கிட்ட போய்ச் சொல்லுங்க, நீங்க இவரு ஊர்ல போய்ச் சொல்லுங்க, நான் ஏறப் போறேன்."

யாரை யாரிடம் போகச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை. அந்தக் குழப்பத்தில் தண்ணீர் விடும் அம்மா என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, "தூக்குங்கடி" என்றார். ராட்டினத் தொட்டி ஒன்றுக்குள் என்னை இறக்கிவிட்டார்கள். எதிர் இருக்கையில் லீடர் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தாவணித் தலைப்பால் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு உயரம் என்றால் உயிர் போகிற பயம். ராட்டினத்தில் அதுவரை ஏறியதே கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடச் சுவர் ஓரம் போக மாட்டேன்.

தொட்டி மேலே கிளம்பியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சுற்றிலும் பெண்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், திரும்பக் கத்தினார்கள்.

"டீச்சர், கண்ணத் தொறங்க! ஏரி தெரியுது! லாரியெல்லாம் தீப்பெட்டி மாரி கீது!"

"எப்ப நிக்கும்?"

"இப்பதான் டீச்சர் சுத்தவே ஆரம்பிச்சிகிறான்!"

ஏரியையும் பார்க்கவில்லை, லாரியையும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் ஞாபகம். இறங்கியபின் பார்த்தால் அதில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

அத்தோடு முடிந்ததா? அன்று கூட்டம் அதிகம் என்பதால் எங்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தொட்டிதான் கொடுத்தார்கள். பெண்களில் எட்டுப் பேர்தான் ஏறியிருந்தார்கள். மீதிப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன்.

"சொன்னா சொன்னதுதான்மா. நீங்க கூட இருந்தா அனுப்புறேன்."

இன்னும் இரண்டு தடவை ஏறினேன். மூன்று தடவையும் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை இறங்கும்போது ராட்டினக்காரர் என்னைப் பார்த்து, "ரொம்ப ஆசதான் போல" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ராட்டினத்தில் ஏறிய உற்சாகத்தில் பெண்கள் வண்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். குளத்துப் பக்கம் ஒரு சின்னக் கால்வாய். முன் சக்கரம் அதில் இறங்கியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. எனக்குக் கத்துவதற்குக்கூட நேரம் இருந்தது. கட்டுப் போட்ட கால் கணுக்கால் வரை சேற்றுத் தண்ணீரில் போய் நின்றது.

திங்கட்கிழமை காஞ்சிபுரம் டாக்டர் ஊறிப்போன மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"ராட்டினம் ஏறினேன்."

அவர் நிமிர்ந்து என் வயதைக் கேட்டார். முப்பத்தைந்து என்றேன். வேறொன்றும் கேட்காமல் கட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கூட மூன்று வாரம் இருக்கச் சொன்னார். அந்தக் கால் இன்றும் மழைக்காலத்தில் காலையில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறது.

கால் உடைந்து ஒன்பது வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். "சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நோட்டுகள் என் மேஜையில் திருத்துவதற்காகவே காத்திருந்தன. பையன்கள் எல்லோரும் ரயிலைப் பற்றி எழுதியிருந்தார்கள். பெண்கள் ராட்டினத்தைப் பற்றி. அன்று ரயிலையே பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பெண் இப்படி எழுதியிருந்தாள்:

"எங்கள் டீச்சருக்கு ராட்டிணம் என்றால் உயிர். கால் உடைந்தும் மூன்று முறை ஏறினார்கள். இறங்கவே மனம் இல்லை."

சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். 'ராட்டிணம்' என்பதை 'ராட்டினம்' என்று திருத்திவிட்டு, அடுத்த நோட்டை எடுத்தேன்.