மண்டபத்தில் நடந்த அலைப் பாடம்

மண்சரிவு எச்சரிக்கை வந்த அன்று, மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டு ஆட்களை எல்லாம் தோட்டப் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கிவிட்டார்கள். அந்தப் பாடசாலையில்தான் நான் விஞ்ஞானம் கற்பித்துவந்தேன். அம்மாவும் நானும் ஒரு மூலையில் பாய் விரித்தோம். அப்பா மட்டும், "மாட்ட அவுத்துட்டு வந்திர்றேன்" என்று மறுபடி மேலே ஏறிப் போனார்.

மதியம் கழிந்தும் ஆளைக் காணவில்லை. போன் எடுபடவில்லை. கிராம சேவகர் வேறு யாரையும் மேலே விடவில்லை. நான் வாசலுக்கும் பாய்க்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"சும்மா ஒக்காரு. பாக்கவே தல சுத்துது," என்றார் அம்மா. அவர் கையும் முந்தானையை முறுக்கிக்கொண்டேதான் இருந்தது.

உட்கார முடியாமல்தான் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பரீட்சை நெருங்கியிருந்தது, அலைகள் பாடம் பாக்கி. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, நடுவில் சிவப்புத் துணியை முடிந்து, மறுமுனையை உதறினேன். கயிற்றில் ஒரு மேடு தூண்வரை ஓடியது.

"துணியும் தூணுக்குப் போச்சா?"

"இல்ல டீச்சர். இருந்த எடத்துலயே ஏறி எறங்குச்சு."

கரும்பலகையில் அலையை வரைந்தேன். மேட்டின் உச்சி முடி, பள்ளத்தின் அடி தாழி, ஒரு முடியிலிருந்து அடுத்த முடிவரை அலைநீளம். வெளியே ஏதோ முறிந்து விழும் சத்தம். கை நின்றது. மரக்கிளைதான் என்றார்கள். முடியிலிருந்து தாழிவரை கோடிழுத்து 'வீச்சம்' என்று எழுதினேன்.

முன்னால் இருந்த மாணவி தயங்கினாள். "டீச்சர், வீச்சம் நடுக்கோட்டுலருந்துதானே? இது ரெண்டு மடங்கு."

"ஆமா. யோசனை வேற எங்கயோ இருக்கு," என்று அழித்தேன்.

"எங்கப்பாவும் இன்னும் வரல்ல டீச்சர்," என்றாள்.

அதன்பின் எங்கள் இருவராலும் பலகையைப் பார்க்க முடியவில்லை.

பொழுது சாயும்போது அவள் அப்பாவும் என் அப்பாவும் சேர்ந்தே வந்தார்கள், மாட்டோடு. ஓடையில் தண்ணீர் ஏறியதில் மாடு தாண்ட மறுத்துவிட்டதாம். வீட்டுச் சாமானுக்குப் போன அவளுடைய அப்பா பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார். திட்டுவதற்கு நினைத்திருந்தேன்; கேட்டது வேறு.

"மாட்ட எங்க கட்டுனீங்கப்பா?"

"சைக்கிள் ஷெட்டுல."

அம்மா பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மழை மறுநாளும் விடவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போன ஒவ்வொரு தடவையும் நானும் எழுந்தேன்.