இடது கண்ணுக்கு இருபத்திரண்டு வாளி

காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, என்னிடம் வந்த காயங்களை மனத்துக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். தானாகப் பட்டவை, பிறர் கொடுத்தவை. முதல் வகையில் பால் வெட்டும் கத்தி வழுக்கிக் கிழித்த உள்ளங்கை, விறகு பிளக்கையில் நசுங்கிய கால்விரல், கஞ்சி கொட்டிய தொடை, பூரான் கடி. இரண்டாம் வகையில் கட்டை, கல், பல், செருப்பு, கங்காணியின் பிரம்பு. இரண்டாம் வகைக்காரர்களும் "வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்ஸி" என்றே சொல்வார்கள். ஒரு வாரத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் நான்கு பேர் வழுக்கி விழுந்தார்கள். நான்கு பேர் கன்னத்திலும் ஐந்து விரல் பதிந்திருந்தது.

ஈப்போவில் இரண்டு வருடம் தாதிப் பயிற்சி முடித்து, தோட்டத்து டிரெசருக்குக் கீழே வேலைக்கு வந்திருந்தேன். மருந்து கொடுப்பது, அறுப்பது, தைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் அவருக்கு மூன்று தோட்டங்கள். அவர் இல்லாத நாட்களில் நான் கழுவலாம், கட்டலாம், அனுப்பலாம். அதற்கு மேல் கூடாது.

அன்றும் அவர் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரியில் உட்காராமல், பால் நிறுக்கும் ஸ்டோர் தாழ்வாரத்தில் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவேன். ஆஸ்பத்திரி என்றால் வராத கால்புண்கள், அங்கே வாளியோடு வரிசையில் நின்றே தீரவேண்டும். பெட்டியில் இருந்தவை: லின்ட் துணி, பஞ்சு, சுற்றுத்துணி எட்டு, டிஞ்சர் ஐயோடின், போரிக் தூள், விளக்கெண்ணெய், கத்தரிக்கோல் ஒன்று, இடுக்கி ஒன்று.

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பெண்களுக்குள் பேச்சு தடித்தது. ஒருத்தி நல்ல உயரம். மற்றவள் அவளுக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் போன வருஷம் தெலுக் இந்தான் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், திரும்பவில்லை.

"ஏண்டி, எம்மரத்துக் கோட்டுப்பாலு ஒங்கூடைக்கு நடந்தா வந்திச்சு?" என்றாள் உயரமானவள். கோட்டுப்பால் என்பது வெட்டுக்கோட்டில் காய்ந்து நிற்கும் ரப்பர் நாடா.

"மரத்துல ஒங்கப்பன் பேரு எழுதி ஒட்டியிருக்கா?"

"எங்கப்பன் பேரு இல்லடி. ஒம்புருசன் ஓடிப்போன தேதி எழுதியிருக்கு. போய்ப் படி."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து நிரைக்காரி அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள். தூணில் தலை இரண்டு முறை மோதியது. உயரமானவள் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தாள். அவள் மடங்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் திராவகச் சாடி இருந்தது. பாலை உறைய வைக்கக் கலக்குவதற்காக, நிறுவைக் கணக்கு எழுதும் கிராணி அப்போதுதான் அதைத் திறந்திருந்தார். பக்கத்தில் ஒரு தகரக் குவளை. அவள் எழுந்தபோது குவளை கையில் இருந்தது.

வீசிய திராவகம் உயரமானவளின் முகத்தில் இடது பக்கம் முழுக்கப் பட்டது. அவள் போட்ட சத்தத்தை எழுத முடியாது.

நான் பெட்டியைத் தாண்டி ஓடிப்போக ஏழெட்டு விநாடி ஆகியிருக்கும். அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. "எரியுது, பாலூத்து, குளிர்ச்சியா இருக்கும்!" என்று யாரோ கத்த, இரண்டு பேர் தங்கள் வாளியிலிருந்த ரப்பர்பாலை அவள் முகத்தில் கவிழ்த்தார்கள். நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். கையில் கத்தி கீறினால் அவர்கள் அதைத்தான் செய்வார்கள். ஒரு சொட்டு பால், காய்ந்தால் மூடி. ஆனால் திராவகம் பட்டால் பால் உறையும். தினமும் அதே இடத்தில், அதே சாடியை வைத்து, பாலை உறைய வைக்கிறவர்களுக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை, கண்ணின் மேல், வெள்ளையாக ஒரு தோல் பிடித்துக்கொண்டிருந்தது. திராவகம் அதற்கு அடியில்.

எனக்குச் செய்ய வேண்டியவை மூன்று என்று தெரிந்தது. தோலை உரிப்பது, இமையைத் திறப்பது, நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றுவது. கை இரண்டுதான்.

அவளைக் கழுத்தோடு பிடித்து, ஸ்டோர் ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய், சிமெண்டுத் தரையில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன், வழியும் தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகாமல். முதல் வாளியை ஊற்றியதும் கூட்டம் என் மேல் பாய்ந்தது.

"வெந்த புண்ணுல தண்ணி ஊத்துறாளே! கொப்பளம் கெளம்பும்!"

"மிஸ்ஸி, வேணாம், பொம்பள செத்துருவா!"

ஒருத்தி வாளியைப் பிடுங்கினாள். அவள் மணிக்கட்டில் அடித்துத் திருப்பி வாங்கினேன். நான் ஒரு மனுஷியை அடித்தது அதுதான் முதல் தடவை. கிராணியைப் பார்த்து, "நிறுவையை விடுங்க, தண்ணி மொண்டு ஊத்துங்க," என்றேன். அவர் வெள்ளைக் கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் வாளிகளை எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு. ரெண்டு."

இமையைப் பிடிக்க யாரும் வரவில்லை. குவளைக்காரி மட்டும் ஓடாமல் அதே இடத்தில் நின்றாள்.

"எந்தத் திராவகம்? கலந்ததா, சாடியிலேருந்தா?" என்று கேட்டேன்.

"சாடி," என்றாள்.

தண்ணீர் கலக்காதது. "இங்க வாங்க. கையக் கழுவிட்டு வாங்க."

வந்து முட்டி போட்டாள். நான் தண்ணீருக்குள்ளேயே உறைந்த பாலை ஓரத்திலிருந்து உரித்தேன். கன்னத்தில் வந்தது, தோலும் கொஞ்சம் வந்தது. இமையில் முடிகளோடு ஒட்டியிருந்ததால் கத்தரிக்கோலால் முடிகளை அடியோடு வெட்டினேன். கட்டி கழன்றது. குவளைக்காரியின் கட்டைவிரலை மேல் இமையிலும் ஆட்காட்டி விரலைக் கீழ் இமையிலும் வைத்து, "பிரிச்சுப் பிடிங்க. என்ன ஆனாலும் விடாதீங்க," என்றேன். பால் வெட்டுகிறவளின் விரல், நடுங்கவில்லை. உள்ளே கருவிழி லேசாகப் புகை பிடித்த கண்ணாடி போல இருந்தது. முழுக்க வெளுக்கவில்லை. நேரம் இருந்தது.

எட்டாவது வாளியில் உயரமானவளின் புருஷன் வந்தான். புல்வெட்டிலிருந்து நேரே வந்தவன், பாராங் கத்தியோடு. யார் சொன்னார்களோ, குவளைக்காரியைப் பார்த்துக் கத்தியை ஓங்கினான்.

"இவங்க கைய எடுத்தா இமை மூடிக்கும். மூடினா உங்க சம்சாரத்துக்குக் கண்ணு போயிரும்," என்றேன். "வெட்டணும்னா அப்புறம் வெட்டுங்க."

அவன் கத்தியைத் திருப்பி, பிடியால் அவள் முதுகில் குத்தினான். மூன்று முறை. "அம்மா" என்றாள் ஒவ்வொன்றுக்கும். விரல் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் அவளோட கூட்டா? புண்ணுல தண்ணி ஊத்திக் கொல்றியா?" என்று காதோடு சேர்த்து அறைந்தான். தொட்டி விளிம்பில் என் புருவம் பட்டது. ஒரு காதில் கிராணி எண்ணுவது மட்டும் கேட்டது. பத்து. பதினொண்ணு. அவர் மொண்டு கொடுத்த வாளியை நான் விடவில்லை. கொஞ்சம் ரத்தமும் தண்ணீரோடு போனது. கிராணியும் நான்கு ஆட்களுமாக அவனைப் பின்னால் இழுத்துப் பிடித்தார்கள். கிராணி பிடித்தபடியே என்னைப் பார்த்து, "பதினொண்ணோட நிக்குது மிஸ்ஸி," என்றார். மிச்சத்தை நானே மொண்டேன்.

தரையில் கிடந்தவளுக்குப் புருஷனின் சத்தத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

"யாருடி இது எங்கண்ணுல கைய வச்சிருக்கிறது?"

"நாந்தான்," என்றாள் மற்றவள்.

"நீயா?"

"நாந்தான்க்கா. கொஞ்சம் பொறுத்துக்க."

"யாருக்குடி அக்கா?" என்று சொல்லிக்கொண்டே, முகத்தைத் தாங்கியிருந்த அவளுடைய மற்ற கையின் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

"கடிங்கக்கா, தலைய மட்டும் ஆட்டாதீங்க," என்றேன். வேறென்ன சொல்வது. பதினைந்தாம் வாளியிலிருந்து இருபத்திரண்டாம் வாளி வரை அந்தக் கட்டைவிரல் அவள் வாயில்தான் இருந்தது. இவள் அழுதாள், இமையை விடவில்லை. அவள் முனகினாள், விரலை விடவில்லை. திராவக நெடி போய், கருவிழியில் கறுப்பு கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தினேன். இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, தளர்வாகக் கட்டினேன்.

அப்புறம் விரல். மனிதப் பல் நாய்ப் பல்லைவிட மோசம் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். எலும்பு தெரிந்தது. பிழிந்து ரத்தம் விட்டு, சோப்பால் கழுவி, ஐயோடின் ஊற்றியபோது அவள் கத்தவில்லை.

"அதுக்குக் கண்ணு வருமா மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது," என்றேன். மெய்யாகவே தெரியாது.

டிரெசர் மதியம் வந்து பார்த்துவிட்டு, ரப்பர் ஏற்றும் லாரியிலேயே உயரமானவளை ஈப்போவுக்கு அனுப்பினார். என் புருவத்தில் இரண்டு தையல் போட்டார். சாயங்காலம் போலீஸ்காரர்கள் மற்றவளைக் கூட்டிப் போனார்கள், கட்டுப்போட்ட கையோடு. அவளுக்கு ஜெயிலா, வேறு தோட்டமா என்று எனக்குப் பிறகு தெரியவரவில்லை.

பதினோராம் நாள் நான் ஈப்போவுக்குப் போனேன். அவள் கன்னம் சிவப்பும் வெளுப்புமாகச் சுருங்கியிருந்தது, அது மாறப்போவதில்லை. கண்ணுக்குப் போட்ட கட்டை அன்று காலைதான் அவிழ்த்திருந்தார்கள். நல்ல கண்ணை என் உள்ளங்கையால் மூடி, சன்னல் பக்கம் பார்க்கச் சொன்னேன்.

"என்னக்கா தெரியுது?"

என் கைக்குள் அவள் இமை படபடத்தது.

"கம்பி தெரியுது. அந்தப் பக்கம் ஒரு எரும நிக்கிது." கொஞ்சம் தலையை முன்னால் நீட்டினாள். "இல்ல மிஸ்ஸி. எம்புருசன்."

அவன்தான். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வரக் கூச்சப்பட்டு, வாழைப்பழச் சீப்போடு வெயிலில் நின்றான். நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அவளையே நல்ல கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, விரல்களைக் காட்டினேன்.

"மூணு," என்றாள்.

நான் காட்டியது இரண்டு. ஓரடி கிட்டே வந்து மறுபடி காட்டினேன்.

"மூணுதான்... இரு. ரெண்டு. ரெண்டு!"

அவளை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, என் விரலிலிருந்து அவள் மூக்கு வரை சாணால் அளந்தேன். அந்தக் கண் விரலை எண்ணிய தூரம் ஐந்து சாண்.